உரியவரையும் விடாத உத்தமக் காவல்

வீட்டுக் கணினிக்குப் பாஸ்வேர்ட் போடும் வழக்கத்தை நம் வீடுகள்வரை கொண்டுவந்து சேர்த்த புண்ணியவான்களுக்கு இதுவரை ஒரு பாராட்டுக் கூட்டம்கூட நடக்கவில்லை. பொன்னாடை போர்த்த வேண்டியவர்களை அடியோடு மறந்துவிட்டோம். பீரோவுக்கும்தான் பூட்டு இருக்கிறது. அதெல்லாம் ஒரு பூட்டா? சாவி தொலைந்தால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் உட்கார்ந்திருக்கும் பூட்டுக்காரரைக் கூட்டிவந்தால் போதும். ஒரு கம்பியை வளைத்து நெம்பித் திறந்து கொடுத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டுக்காரர் என்றதும் இளகிவிடும் பூட்டு. பாஸ்வேர்டுக்கு அந்தப் பலவீனம் கிடையாது. காசு போட்டு வாங்கியவர், தவணை கட்டி முடித்தவர், கரண்ட் பில் கட்டுகிறவர், ஆயுத பூஜைக்குத் தவறாமல் சந்தனம் குங்குமம் வைக்கிறவர் என்று எந்தத் தாட்சண்யமும் பார்க்காது. சொல்லைச் சொன்னால் உள்ளே. இல்லாவிட்டால் நீ யாரோ, நான் யாரோ.

இந்தக் கம்பீரத்தைக் கண்ணாரக் காண வேண்டுமானால், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளையின் கவுன்சலிங் விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி நாள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாம் ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பில் பத்திரமாக இருக்கிறது. கணினியைப் போட்டதும் எங்கோ ஒரு ஏரியும் பனிமலையும் தெரிகின்றன. ஒரு சின்னக் கட்டம் மினுக்குகிறது. அப்பா தட்டச்சு செய்கிறார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கரும்புள்ளி. பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறவருக்கு என்ன அடிக்கிறோம் என்று தெரியக் கூடாதே, அதற்காக அந்தப் புள்ளி. எவ்வளவு முன்யோசனை! பின்னால் நிற்பது மனைவியும் பிள்ளைகளும். அவர்கள் ரகசியத்தை வாய்விட்டே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"முதல் எழுத்து கேப்பிட்டல் போட்டீங்களா?"

"அட் போட்டு 123 போடுங்கப்பா."

"அது பழசுடி. போன பொங்கலுக்கு மாத்தினாரே!"

எதிர்வீடுவரைக்கும் கேட்கிறது. அடிக்கிறவருக்கு மட்டும் தன் விரல் எதில் பட்டது என்று தெரியாது. கேப்ஸ் லாக் விழுந்திருக்கலாம். நம்பர் லாக் அணைந்திருக்கலாம். ஐந்து வருடத் தூசியில் எஸ் பொத்தான் ஒருமுறை அழுத்தினால் இரண்டு எஸ்ஸாக விழலாம். காவலர் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். தவறு என்பார், அவ்வளவுதான். சில கணினிகளில் தவறாக அடித்தபின் ஒரு குறிப்பு வரும். பாஸ்வேர்ட் வைத்த அன்று நாமே நமக்கு எழுதிவைத்த குறிப்பு அது. ஆவலோடு படித்தால், "எப்பவும் போடுறதுதான்" என்று இருக்கும். அந்த வாசகத்தின் அடக்கம் யாருக்கு வரும்?

பின் நம்பர் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் மரியாதை உண்டு. சிலமுறை தவறிப்போனால், மேலே தொடர "ஏ1பி2சி3" என்று அடிக்கச் சொல்லும் விண்டோஸ். விசைகளில் பூனை நடந்து போகிறதா, மனிதர்தான் தட்டுகிறாரா என்று பார்க்கும் ஏற்பாடு இது. மறுநாள் பிள்ளையின் கல்லூரி வாய்ப்பு போய்விடும் என்று வியர்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு தலைமை எழுத்தர், எல்.கே.ஜி. பாடம்போல ஏ, பி, சி அடித்துக் காட்டி, தான் பூனை இல்லை என்பதை மெய்ப்பித்துவிடலாம். கணினி அதை உடனே ஏற்றுக்கொள்ளும். வீட்டுக்காரர் என்பதை மட்டும் ஏற்காது.

இப்பேர்ப்பட்ட காவல் நல்ல குடியில் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்ற ஏற்பாட்டை உருவாக்கிய ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர்தான், ஆளுக்கொரு கோப்பு, ஆளுக்கொரு பாஸ்வேர்ட் என்று தொடங்கிவைத்தார்கள். குழந்தை தொட்டிலிலேயே தன் பெருமையைக் காட்டிவிட்டது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை என்று, பாஸ்வேர்ட் கோப்பை அச்சிடும்படி அந்தக் கணினியிடமே கேட்டார். அது பணிவோடு எல்லாருடைய பாஸ்வேர்டையும் அச்சடித்துக் கொடுத்தது. 1966இல் இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளே வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டிய அன்றைய அறிவிப்பு எங்கோ போய்விட, அதன் இடத்தில் மொத்தப் பாஸ்வேர்ட் பட்டியலும் எல்லார் பார்வைக்கும் வந்து நின்றது. கேட்டவருக்கும் கொடுத்தது, கேட்காதவருக்கும் கொடுத்தது. 1990க்கான டூரிங் விருதைப் பெற்ற கார்பட்டோ, 2014இல் ஒரு பேட்டியில், பாஸ்வேர்ட் ஒருவகைக் கெட்ட கனவாகவே ஆகிவிட்டது என்ற பொருளில் சொன்னார். பெற்றவர்கள் பிள்ளையை ஊரார் முன் புகழ மாட்டார்கள். அந்த அடக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது விண்டோஸ் 95, 98 காலத்தில். பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு பெட்டி வரும். தெரியவில்லையா? எஸ்கேப் பொத்தானை ஒரு தட்டு. டெஸ்க்டாப் வந்துவிடும். "யார் நீ?" என்று கேட்பது சம்பிரதாயம், பதில் சொல்லாவிட்டாலும் உள்ளே வரலாம் என்கிற அந்த விருந்தோம்பலை இப்போது எந்த வாசலில் பார்க்க முடிகிறது? பிறகு எக்ஸ்.பி. வந்தது. மகன் கேம் விளையாடக் கூடாது என்று அப்பா பாஸ்வேர்ட் போட்டார். ஹோம் பதிப்பில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இன்னொரு கணக்கு கண்ணில் படாமல் இருந்தது. பெரும்பாலும் அதற்குப் பாஸ்வேர்டே இருக்காது. எஃப்8 அமுக்கி சேஃப் மோடில் போனால் அது தன் பெயரோடு வந்து நிற்கும். அப்பாவுக்குத் தெரியாது, எட்டாம் வகுப்புப் படிக்கிற மகனுக்குத் தெரியும். தேர்வு முடிந்த பிறகு அப்பாவே தன் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் அவருக்குத் திறந்துகொடுக்க ஒரு ஆள் வீட்டிலேயே தயாராகிவிட்டான். கணினிக் கல்வி வளர்ந்த கதை இப்படியும் உண்டு.

எக்ஸ்.பி.யின் எழுத்து நேர்மையைத் தனியாகப் புகழ வேண்டும். வாசலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஒரு புள்ளி விட்டுக்கொடுக்காது. உள்ளே அது சேமித்துவைத்த நகல்களில் பழைய முறைப்படி ஆன ஒன்று உண்டு. அதில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, ஏழு ஏழு எழுத்தாக இரண்டு துண்டு வெட்டி, தனித்தனியாகக் குழப்பிவைத்திருக்கும். பதினான்கு எழுத்தில் நீங்கள் யோசித்து யோசித்து வைத்த கோட்டையை, உடைக்க வருகிறவர் வசதிக்காக இரண்டு குடிசையாகப் பிரித்துவைக்கிற பெருந்தன்மை அது. 2003இல் சுவிட்சர்லாந்தின் ஃபிலிப் ஓக்ஸ்லின் அந்தத் துண்டுகளுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டுவைத்த அட்டவணைகளை வெளியிட்டார். பிறகு ஒரு சி.டி.யைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் விடை திரையில் இருந்தது. அதற்கும் முன்பே, 1997இல், நார்வேக்காரர் பெட்டர் நோர்டால்ஹாகன் ஒரு பிளாப்பியில் அடங்கும் நிரலை எழுதிவிட்டார். பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கும் வேலையே அதற்குக் கிடையாது. இருப்பதை அழித்துவிட்டு வெற்றாக்கிவிடும். யாருக்கும் சிரமமில்லை.

இந்தக் கலைகளையெல்லாம் கற்றுத் தேர்ந்தவர் நம் தெருக்கோடி சர்வீஸ் கடைத் தம்பிதான். ராத்திரி முழுக்க நாய், பேத்தி, குலதெய்வம், முதல் ஸ்கூட்டரின் நம்பர் என்று அடித்துப் பார்த்து ஓய்ந்துபோன மனிதர், விடிந்ததும் சி.பி.யு.வைப் பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு அங்கே போகிறார். தம்பி ஒரு பென் டிரைவைச் செருகி, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே சில கட்டளைகளைத் தட்டி, போனில் யாரிடமோ மதர்போர்டு விலை பேசிக்கொண்டே, "தூக்கியாச்சு சார்" என்கிறார். அடையாள அட்டை கேட்கவில்லை. கணினி யாருடையது என்று கேட்கவில்லை. வேறு கடையாக இருந்தால் இன்னும் சுருக்கமான வழி.

"ஃபார்மட் அடிச்சிடலாம் சார். சி டிரைவ்ல ஏதாச்சும் இருக்கா?"

"போட்டோ எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு."

"டெஸ்க்டாப்னா சி டிரைவ்தான் சார்."

இந்த ஒரு வரியில் பல வீடுகளின் கல்யாண ஆல்பம் போயிருக்கிறது. கழற்றத் தெரிந்தவருக்கு இதுவும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை உருவி, ஒரு யு.எஸ்.பி. உறையில் போட்டு வேறு கணினியில் செருகினால், மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்யாத வட்டு, தன் வயிற்றில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடும். கணினியைத் தூக்கிக்கொண்டு போகிற திருடர் பாஸ்வேர்ட் பெட்டியின் முகத்தில் விழிக்கவே வேண்டியதில்லை. அதை மதித்து, அதன் முன்னால் விடிய விடிய உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். காவல் என்றால் யாருக்கு என்பதில் இவ்வளவு தெளிவு வேறு எதற்கு உண்டு?

பயாஸ் பாஸ்வேர்ட் என்று ஒன்றும் உண்டு. விண்டோஸுக்கும் முன்னால், கணினி கண் விழிக்கும்போதே கேட்பது. இது கோட்டைக்கு வெளிச்சுவர். பழைய மேசைக் கணினிகளில் இந்தச் சுவரின் அஸ்திவாரம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கனமில்லாத சிஆர்2032 பேட்டரி. பக்கத்துப் பலகையைக் கழற்றி அதை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் பாஸ்வேர்ட் மறந்துபோகும். மனிதருக்கு மறதி வந்தால் குற்றம். போர்டுக்கு மறதி வந்தால் பரிகாரம்.

அலிபாபா கதையைச் சின்ன வயதில் கேட்டபோது பாஸ்வேர்டின் இந்த நுட்பம் நமக்குப் புரியவில்லை. மரத்தின் மேல் ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்டவன் குகைக்குள் போய்ப் பொன் அள்ளிவந்தான். அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு போன அண்ணன் காசிம், உள்ளே மாட்டிக்கொண்டு, திறக்கும் சொல்லான எள்ளை மறந்து, தானியங்களின் பெயராக ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்தான். ஒருவேளை எள் என்பதில் ஒரு கேப்பிட்டல் எழுத்து இருந்திருக்கும்.

கேப்பிட்டல் என்றதும் பில் பர் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்டில் இருந்துகொண்டு, 2003இல், பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறி எல்லாம் கலந்திருக்க வேண்டும், அவ்வப்போது மாற்றவும் வேண்டும் என்ற வழிகாட்டுதலை எழுதியவர் இவர். உலகம் அதைச் சிரமேற்கொண்டது. நம் ஊரும் அப்படியே பின்பற்றியது: பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னால் அட் போட்டு, 123. மாற்றச் சொன்னால் 124. விதியும் மீறப்படவில்லை, மூளையும் நோகவில்லை. ஓய்வுபெற்ற பின், 2017இல், தான் சொன்னதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக அவர் சொன்னார். அதே ஆண்டு நிஸ்டும் காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள், கலப்படக் கட்டாயம் வேண்டாம், நீளமாக இருந்தால் போதும் என்று விதியைத் திருப்பி எழுதியது. எழுதினால் என்ன? நம் அலுவலகங்களும் வலைத்தளங்களும் குருவை மிஞ்சிய சீடர்கள். குரு மனம் மாறினாலும் அவர்கள் கொண்ட கொள்கையில் மாற மாட்டார்கள்.

மறந்தவர்களுக்குக் கை கொடுக்கப் பாதுகாப்புக் கேள்விகள் வந்தன. இவற்றின் மனிதாபிமானத்தை எழுதத் தனி நூல் வேண்டும். தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன என்று பல இடங்களில் கேட்பார்கள். இனிஷியலோடு பிறந்து இனிஷியலோடு வாழும் நம் அம்மாக்களுக்குக் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? தாத்தா பெயரா, சாதிப் பெயரா, ஊர்ப் பெயரா? அன்றைக்கு எதையோ எழுதினோம். விண்டோஸ் 10, 2018 முதல், கணினிக்குள்ளேயே இருக்கும் லோக்கல் கணக்குக்கும் மூன்று கேள்வி வைத்தது. அதில் ஒன்று, நீங்கள் பிறந்த ஊர் எது? அப்பாடா, இதற்குப் பதில் தெரியும், திருநெல்வேலி! ஆனால் அன்று ஆங்கிலத்தில் எப்படி எழுதினோம்? டி-க்குப் பிறகு ஹெச் உண்டா? நடுவில் வி-யா, டபிள்யூ-வா? வெறும் நெல்லை என்று அடித்தோமா? வெள்ளைக்காரன் எழுதியதுபோல டின்னவெல்லி என்றா? பிறந்த ஊரின் பெயரையே எழுதத் தெரியாதவர் எப்படி உரியவராக இருக்க முடியும் என்று காவலர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

அன்னியருக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. 2008இல், அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினின் யாஹூ அஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் புகுந்தார். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தார் ஆகிய மூன்றுக்கும் விடை வலையில் தேடினால் கிடைத்தது. உரியவர் மறப்பதையும் ஊரார் மறப்பதில்லை.

அடுத்து மீட்பு அஞ்சல். இந்த அஞ்சலின் பாஸ்வேர்ட் மறந்தால் அந்த அஞ்சலுக்குக் குறியீடு வரும். அந்த அஞ்சலைத் திறக்கப்போனால் அதற்கும் பாஸ்வேர்ட் மறந்திருக்கும்; கவலை வேண்டாம், அதன் குறியீடு இந்த அஞ்சலுக்கு வந்திருக்கும். போனுக்கு ஓ.டி.பி. அனுப்பவா என்றும் கேட்கும். கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டும். அது கணினி வாங்கிய வருடம் வைத்திருந்த சிம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, இப்போது வேறு யாருக்கோ போய்விட்டது. அந்த முகமறியா நண்பருக்கு நம் கணினியின் குறியீடு சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். பழைய அடையாளங்கள் எதுவுமே இல்லை, புதிதாக மாற்றித்தர வேண்டும் என்றால், முப்பது நாள் காத்திருக்கச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட் கணக்கு. கவுன்சலிங் கடைசி நாள் நாளை என்று அதனிடம் சொல்ல ஒரு கட்டம்கூட இல்லாதது நிதானத்தின் அடையாளம்.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்கிறவர். பாலிசி எண்கள், டெபாசிட் முதிர்வு நாள், யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தார் என்பதெல்லாம் எக்செல் கோப்பில் வரி வரியாகப் போட்டு, மாதம் ஒருமுறை சரிபார்ப்பார். அவர் காலமான பிறகு மகள்கள் வெளியூரிலிருந்து வந்து கணினியைப் போட்டார்கள். பாஸ்வேர்ட் கேட்டது. அவர் ஒழுங்கானவர் ஆயிற்றே, எங்காவது எழுதிவைத்திருப்பார் என்று அலமாரியைத் தேடினார்கள். தினசரிக் காலண்டரின் பின் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் அழகான கையெழுத்தில் இருந்தது: "கம்ப்யூட்டர் - பழையது + பெரியவள் வருஷம்." பெரியவளின் பிறந்த வருடமா, கல்யாண வருடமா என்று அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள். பழையது எது என்று அறிந்தவர் மாலை போட்ட படத்தில் இருந்தார். நாற்பது வருடம் கேள்வித்தாள் தயாரித்தவர் விடைத்தாளை விட்டுவிட்டுப் போகவில்லை. கடைசியில் அந்தக் கணினியைத் திறந்தவர் சர்வீஸ் கடைத் தம்பிதான். பழைய கணினி என்பதால் தப்பித்தார்கள்.

இனி அந்தக் குறையும் இல்லை. இவ்வளவு காலம் உரியவரை மட்டும் தடுத்து, தெரிந்தவரை விட்டுக்கொண்டிருந்த ஓரவஞ்சனையைப் புதிய கணினிகள் களைந்துவிட்டன. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பில், புதிய கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு உள்ளே போனாலே பெரும்பாலும் வட்டு முழுக்கத் தானாகவே மறையாக்கம் ஆகிவிடுகிறது. திருடர் ஹார்ட் டிஸ்க்கை உருவிப்போனாலும் இனிப் பயனில்லை. அது மெய்யாகவே நல்ல காரியம், கிண்டலில்லை. ஆனால் நமக்கு யாரும் சொல்லவில்லை. கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, "உங்க மெயில் ஐடி சொல்லுங்க சார்" என்று கேட்டு, பாஸ்வேர்டை அவரே வைத்து, பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். பில் வாரன்டிக்காக இருக்கட்டும் என்று எங்கோ வைத்தோம். என்றாவது ஒருநாள் பயாஸ் அப்டேட் ஆகி, அல்லது மதர்போர்டு மாற்றி, கணினி நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. எண் எங்கே இருக்கிறது? மைக்ரோசாஃப்ட் கணக்கில். கணக்கின் பாஸ்வேர்ட்? பில்லின் பின்னால். பில்? தம்பி இப்போது பென் டிரைவை எடுப்பதில்லை. கையை விரிக்கிறார். "என்க்ரிப்ட் ஆயிருக்கு சார். ஃபார்மட் மட்டும் பண்ணித்தரேன்." திருடர், தம்பி, மகன், மகள், வீட்டுக்காரர் எல்லாரும் ஒரே வரிசையில் வெளியே நிற்கிறார்கள். சமத்துவம் ஒருவழியாக வந்துவிட்டது.

2025 அக்டோபரோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்து பலரும் புதுக் கணினிக்கு மாறிக்கொண்டிருக்கும் இந்த வேளையில் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த மாசற்ற காவலுக்கு உங்களால் இழுக்கு வந்துவிடக் கூடாது. பாஸ்வேர்ட் நினைவில் இருக்கிற இன்றைக்கே மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் அந்த 48 இலக்கத்தைத் தேடிப் பார்க்காதீர்கள். அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கிற ஃபைலில் செருகவே செருகாதீர்கள். கணக்கில் உள்ள பழைய போன் நம்பரை மாற்றிவிடாதீர்கள். குழந்தைகளின் போட்டோவை இன்னொரு வட்டில் நகலெடுத்து வைக்காதீர்கள். பாஸ்வேர்டை மனைவியிடமோ கணவரிடமோ முழுதாகச் சொல்லித் தொலைக்காதீர்கள். மிஞ்சிப்போனால் காலண்டர் அட்டையில் "பழையதுதான்" என்று எழுதிவையுங்கள், போதும்.